குடித்து முடித்த காற்று

வெகு காலத்துக்கு முன்னால் செம்மண்காட்டு நாட்டைக் கனகசேனர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஒரு வருஷக் கோடையில் அவர் ஆண்டதைவிட வேர்த்ததுதான் அதிகம். அதைச் சொல்லும்போதே எனக்கும் அலுப்புத் தட்டுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய தலைநகரம் வறண்ட ஊர். கோடை வந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் வெட்டிவேர்த் தட்டி கட்டி, தண்ணீர் தெளித்து, குளுகுளுவென்று உட்கார்ந்திருப்பார்கள். அந்த வருஷம் ராஜாவுக்குக் கடலோரத்து மாளிகையில் தங்க ஆசை வந்துவிட்டது. அரண்மனை அதிகாரி சர்வோத்தமர் பத்து வண்டி தட்டியை ஏற்றிக்கொண்டு கூடவே போனார். அங்கேயும் கட்டினார், விடாமல் தண்ணீரும் ஊற்றவைத்தார்.

நாலு நாளாயிற்று. ராஜாவின் கழுத்து காயவில்லை. துவட்டிய துண்டும் காயவில்லை. மந்திரிகள் பேச வாயைத் திறக்கவே சோம்பினார்கள். எல்லாரையும்விடப் பாவம் சடையன். உத்தரத்தில் தொங்கிய பெரிய துணி விசிறியைக் கயிறு பிடித்து இழுப்பவன் அவன்தான். மாற்று ஆளில்லாமல் இழுத்து இழுத்துக் கை மரத்துப்போயிருந்தது.

அவனை வேலையில் சேர்த்தவர் முதல் மந்திரி அம்பலவாணர். அவர் பதவிமேல் சர்வோத்தமருக்கு வெகுநாளாகவே ஒரு கண். தட்டியில் குறை ஒன்றுமில்லை, இழுக்கிற கைதான் சோம்பேறிக் கை என்று ராஜாவின் காதில் ஓதிவிட்டார். எரிச்சலில் இருந்த ராஜாவும், பொழுது சாய்வதற்குள் வேர்வை அடங்காவிட்டால் சடையனுக்கு இருபது சவுக்கடி என்று சொல்லிவிட்டார். சடையன் கயிற்றை விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தான்.

அம்பலவாணர் எழுந்தார். இரண்டு துண்டுகளை ஒரே அண்டாவில் நனைத்துப் பிழியச் சொன்னார். ஒன்று சபையில் விசிறிக்கு நேர் கீழே. கயிற்றைச் சர்வோத்தமரே இழுத்து, நல்ல கை எப்படி இழுக்கும் என்று காட்டட்டும். இன்னொன்று பக்கத்து அறையில். அங்கே தட்டியும் இல்லை, விசிறியும் இல்லை. கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து, ஒரு கரியடுப்பை மட்டும் மூட்டச் சொன்னார். ராஜா புழுங்கிச் சாகிறார், மந்திரி அடுப்பு மூட்டுகிறார் என்று சர்வோத்தமர் சிரித்தார்.

மூன்று நாழிகை போயிற்று. சர்வோத்தமரின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. அவர் இழுத்த விசிறிக்குக் கீழே துண்டு ஈரம் மாறாமல் தொங்கியது. அடுப்பு அறைத் துண்டோ மொடமொடவென்று காய்ந்திருந்தது.

"அதற்காக என்னை அடுப்போடு உட்காரச் சொல்கிறீரா?" என்றார் ராஜா.

"வேண்டாம், மகாராஜா. காற்று ஓர் அளவுக்குத்தான் தண்ணீர் குடிக்கும். நம்மூர்க் காற்று தாகத்தோடு வரும். தட்டி ஈரத்தைக் குடிக்கும், நமக்குக் குளிரும். இது கடல் காற்று. வரும்போதே முக்கால் வயிறு. மிச்சத்தையும் தட்டித் தண்ணீரே நிரப்பிவிட்டால் உங்கள் வேர்வையை எங்கே குடிக்கும்? சூடேறினால் காற்று இன்னும் கொஞ்சம் கொள்ளும். அதைக் காட்டத்தான் அடுப்பு. சடையன் நாலு நாளாக ஈரத்தை ஈரத்தின்மேல் வீசிக்கொண்டிருக்கிறான்."

ராஜா காய்ந்த துண்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தட்டிகளைக் கழற்றச் சொன்னார். தண்ணீர் நின்றது, கடல் பக்க ஜன்னல்கள் திறந்தன. சுகம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பொழுது சாய்வதற்குள் கழுத்து காய்ந்தது.

"சர்வோத்தமரே, இந்தக் கோடை முடியும்வரை கயிறு உம்முடையது" என்ற ராஜா, சடையன் பக்கம் திரும்பி என்ன வேண்டுமென்று கேட்டார்.

தூணில் சாய்ந்தபடியே அவன் தூங்கிப்போயிருந்தான். ராஜா கேட்டும் பேசாத திமிரைப் பார் என்று முணுமுணுத்துக்கொண்டு சர்வோத்தமர் அவனை உலுக்கப் போனார்.

"தொட்டால் அந்த இருபதும் உமக்கு" என்றார் ராஜா, குரலைத் தாழ்த்தி.

பிறகு பாதரட்சையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் வெளியே நடந்தார். சபையும் அப்படியே பின்னால் போயிற்று. விசிறிக் கயிறு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, சர்வோத்தமர் கையில்.