மாட்டேன் என்று சொல்லாத மகாராணி

"அந்த அம்மா எதுக்கு சாமி இருக்காங்க?"

பிரதமர் திருமேனிக்கு மலையேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அதற்குள் கேள்வி வந்துவிட்டது.

சாமியார் ஆசிரமத்து அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பிரதமரைவிட இருபது வயது இளையவர். கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயத்தால்தான், நாட்டின் நிலைமையால் அல்ல.

"எந்த அம்மா?"

"மகாராணிதான்! அம்பது வருஷத்துக்கு மேல சிம்மாசனத்துல உக்காந்திருக்காங்க. எனக்கு முன்னாடி பத்து பிரதமரைப் பாத்துட்டாங்க. என்ன செஞ்சாங்க? ஒண்ணும் செய்யல. சட்டப்படி ஒண்ணும் செய்யவும் முடியாது. நாங்க நீட்டுற இடத்துல கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்."

"போடுறாங்களா?"

"ஒரு தடவைகூட மாட்டேன்னு சொன்னதில்ல."

"அப்புறம் ஏன் இந்தக் கத்து கத்துறீங்க?"

பிரதமர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்தத் தீவு நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதன்கிழமைதோறும் பிரதமர் தனியாக அரண்மனைக்குப் போக வேண்டும். போட வேண்டிய உத்தரவுகளைத் தன் வாயாலேயே மகாராணிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். செயலாளரை அனுப்பித் தப்பிக்க முடியாது.

"அவங்களே டீ ஊத்திக் குடுப்பாங்க சாமி. முழுசாக் கேப்பாங்க. பேனாவை எடுக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி."

"என்ன கேள்வி?"

"'இது யார் தலையில விழப்போகுதோ, அவங்ககிட்ட நேர்ல சொல்லிட்டீங்களா, பிரதமரே?' வாராவாரம் இதேதான்!"

"நீங்க என்ன சொல்வீங்க?"

"சொல்லிடுறேன் மகாராணின்னு சொல்வேன். சரின்னு கையெழுத்துப் போட்டுட்டு இன்னும் கொஞ்சம் டீ ஊத்துவாங்க. அந்த டீ எனக்குத் தொண்டையில எறங்காது."

சாமியார் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

பிரதமர் சட்டைப்பையிலிருந்து இரண்டு காகிதங்களை உருவினார். ஒன்று, துறைமுகத்துக்காக முள்ளித்துறை மீனவர் குப்பத்தைக் காலி செய்யும் உத்தரவு. மறுநாள் புதன்கிழமை அதை அரண்மனையில் வாசித்தாக வேண்டும். மற்றொன்று, அந்தப் புதன்கிழமை வழக்கத்தையே ஒழிக்கும் மசோதா.

"இனிமே ஃபைல் மட்டும் அரண்மனைக்குப் போகும், நான் போக மாட்டேன். இதெல்லாம் வெட்டி வேலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நிம்மதியாப் போயிடுறேன்."

"முதல் காகிதத்தை வாசிங்க."

பிரதமர் வாசித்தார். மழைக்காலத்துக்கு முன் குப்பம் முழுவதும் காலி செய்யப்படும்.

"முடியவே முடியாது," என்றார் சாமியார். "அநியாயம். நான் ஒத்துக்க மாட்டேன்."

பிரதமரின் முகம் மலர்ந்தது. மலை ஏறியதிலிருந்து முதல் முறையாகச் சிரித்தார். துறைமுகம் வந்தால் எத்தனை வேலை, எத்தனை கப்பல் என்று பொரிந்து தள்ளினார். சாமியார் குறுக்கே சொன்ன ஒவ்வொன்றையும் அந்த இடத்திலேயே அடித்து நொறுக்கினார். கடைசியில் சாமியார் வாயை மூடிக்கொண்டார்.

"சட்டசபையில எதிர்க்கட்சி மொத்தத்தையும் வாயடைச்சவன் சாமி நான்."

"தெரியுது."

சாமியார் எழுந்து கை கழுவினார். இரண்டு தம்ளரில் டீ ஊற்றிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"மறுபடி வாசிங்க."

பிரதமர் உற்சாகமாக வாசித்தார்.

"சரி," என்றார் சாமியார்.

"என்ன சரி?"

"நீங்க சொன்னா நான் போட்டுத்தானே ஆகணும். பேனா குடுங்க."

பிரதமர் பேனாவை நீட்டினார். சாமியார் அதை வாங்காமல் அவர் முகத்தைப் பார்த்தார்.

"குப்பத்துக்காரங்ககிட்ட நேர்ல சொல்லிட்டீங்களா, பிரதமரே?"

பிரதமர் வாயைத் திறந்தார். துறைமுகமும் வரவில்லை, கப்பலும் வரவில்லை. வாயை மூடிக்கொண்டார்.



"நீங்களுமா சாமி? மாட்டேன்னு சொல்லுங்க."

"எனக்கு அந்த அதிகாரம் இல்லையே."

"ஒரே ஒரு தடவை மாட்டேன்னுதான் சொல்லித் தொலைங்களேன்!"

"பேனா," என்றார் சாமியார்.

பிரதமர் பேனாவையும் உத்தரவையும் பையில் திணித்தார். தம்ளரை நங்கென்று வைத்தார். கும்பிடவும் மறந்து விறுவிறுவென்று மலையிறங்கினார். மசோதா அங்கேயே கிடந்தது. சாமியார் வெங்காயத் தோலை அள்ளி அதில் போட்டு மடித்தார்.

அடிவாரத்தில் டிரைவர் அந்தோணி காரோடு காத்திருந்தார்.

"வீட்டுக்குத்தானே ஐயா?"

"முள்ளித்துறைக்கு விடு."

அந்தோணிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"குப்பத்துக்கா? விஷயம் தெரிஞ்சா அடிக்க வந்துருவாங்க ஐயா! நீங்க ஏன் போய் நிக்கணும்? நாளைக்கு மகாராணிதான் எப்படியும் கையெழுத்துப் போட்டுருவாங்களே."

பிரதமர் கார்க் கதவை ஓங்கிச் சாத்தினார்.

"போட்டுருவாங்கய்யா! அதானே தொல்லை!"