தளத்துக்குள் இருந்தவன்

பிலோமினாவிடம் இணையதள வேலை கற்றுக்கொண்டவர்களில் கோதண்டம் மட்டும் அவளைவிட வயதில் பெரியவர். நூற்பாலை அலுவலகத்தில் இருந்தவர். ஆலை மூடியதும் வந்து சேர்ந்தார். அவள் முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியதால் எல்லோரும் அவளை மிஸ் என்றார்கள். அவரும் மிஸ் என்றார். அவள் அவரை அண்ணே என்றாள்.

திண்டுக்கல்லில் ஒரு டயர் கடையின் மாடியில் அவர்களுடைய அறை. ரத்தக் கொடையாளர் சங்கத்தின் தளத்தைக் கோதண்டம் தனியாகப் பார்த்துக்கொண்டார். கொடையாளர்கள் தங்கள் பெயர், ரத்த வகை, தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் அதில் பதிந்திருந்தார்கள். எண் வெளியே தெரியாது. தேவை வரும்போது சங்கம்தான் அழைக்கும்.

ஒரு காலை சங்கச் செயலாளர் சிக்கந்தர் அழைத்தார். கோதண்டம் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, ஒரு அம்மா என்னைப் புடிச்சுத் திட்டுது. புருஷனுக்கு ரத்தம் தேடி நம்ம சங்கத்தைத் தொட்டா ரம்மி ஆட்டம் வருதாம். 'ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன், சீட்டாடக் கூப்புடுறீங்களா'ன்னு கேக்குது."

கோதண்டம் தளத்தைத் திறந்தார். சிவப்புத் துளி, சங்கத்தின் பெயர், எல்லாம் இடத்தில் இருந்தன.

"நல்லாத்தான் இருக்கு பாய். அவங்க போன்ல வைரஸ் இருக்கும்."

"ரத்தம் கெடச்சுதா?" என்று பிலோமினா கேட்டாள்.

"வேற வழியில ஏற்பாடு பண்ணிட்டேன் மிஸ். அடுத்து தேடுறவங்களுக்கு என்ன பண்ண?"

அவர் வைத்ததும் கோதண்டம் மறுபடி திறந்து காட்டினார். "பாருங்க மிஸ். ஒரு குறையும் இல்ல."

"கீழ போயி மொக்கராசுகிட்ட போனை வாங்குங்க. அந்தம்மா தேடுன மாதிரியே தேடுங்க. முகவரியை நேரா அடிக்காதீங்க."

டயர் கடை மொக்கராசு கையைத் துடைத்துக்கொண்டு போனைக் கொடுத்தார். கோதண்டம் 'திண்டுக்கல் ரத்த தானம்' என்று தேடி, வந்த முதல் வரியைத் தொட்டார். சீட்டுக்கட்டு விசிறியாக விரிந்தது.

"என்னண்ணே, இந்த வயசுல ரம்மியா?" என்றார் மொக்கராசு. "எங்க கொண்டுபோயி விடும்னு என் மச்சானைக் கேட்டுட்டு ஆடுங்க."

மாடிக்கு வந்த கோதண்டம் உட்காரவில்லை.

"எனக்கு மட்டும் ஏன் மிஸ் தெரியல?"

"தளத்துக்கு நீங்க வீட்டுக்காரர். திருடன் தேடி வர்றவங்களுக்கு மட்டுந்தான் காட்டுவான். உங்களுக்குத் தெரியுற மாதிரி இருந்தா அன்னைக்கே விரட்டியிருப்பீங்க."

தளத்துக்குள் புகுந்திருந்த கோப்பைக் கோதண்டம் மதியத்துக்குள் கண்டுபிடித்து அழித்தார். மறுநாள் மொக்கராசுவின் போனில் சீட்டுக்கட்டு மறுபடி விரிந்தது. கோதண்டம் தளத்தையே இறக்கிவிட்டு, சங்கத்தின் தொலைபேசி எண் மட்டும் உள்ள ஒரு வெள்ளைப் பக்கத்தை வைத்தார்.

"போன வாரம் எடுத்து வச்ச நகலை அப்படியே ஏத்திடவா மிஸ்?"

"போன வாரம் அவன் உள்ள இல்லையா?"

கோதண்டம் தேடத் தொடங்கினார். தளத்தின் நிர்வாகிகளுக்கு நடுவே யாருக்கும் தெரியாத ஒரு பெயர் இருந்தது. அது சேர்ந்தது பிப்ரவரியில். இப்போது மே. இத்தனை நாளும் அவன் உள்ளேயே குடியிருந்திருக்கிறான்.

"ஜனவரி நகலைத்தான் ஏத்தணும். அதுக்கப்புறம் சேந்தவங்க போயிருவாங்களே மிஸ்."

"அவங்க பேரு, வகை, நம்பர் மட்டும் எடுத்துக்கங்க. அங்கருந்து வேற ஒரு துரும்பும் வரக்கூடாது. அவன் எதையாவது மாத்தியிருப்பான். எல்லாரையும் கூப்புட்டுச் சரிபாருங்க."

"சரி. இப்பவே ஏத்துறேன்."

"அவன் வந்த வழி ஜனவரியிலயும் தொறந்துதான அண்ணே இருந்துச்சு?"

கோதண்டம் கையை எடுத்துவிட்டார்.

"அது நான் விட்டதுதான். பதிவு பண்ற பக்கத்தை ஒருதடவை அப்டேட் பண்ணேன். தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா ஆயிருச்சு. சிக்கந்தர் பாய் கூட்டத்துல வச்சு, 'என்னண்ணே, நாம ஜன்னல் விக்கிறோமா'ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அதோட அப்டேட்டையே நிறுத்தி வச்சுட்டேன். அந்தப் பழைய ஓட்டை வழியாத்தான் வந்திருக்கான்."

"இப்பப் பண்ணுங்க."

பண்ணினார். எழுத்துகள் கட்டங்களாயின. பிலோமினா நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகில் வருவாள் என்று எதிர்பார்த்தார். அவள் வேறொரு தளத்தில் வேலையாக இருந்தாள். அவர் ஒவ்வொரு எழுத்துருவாக மாற்றிப் பார்த்தார். டீ ஆறிப்போனது. அடுத்த நாள் மதியம் 'அ' தெரிந்தது, பிறகு மற்றவை.

ஜனவரி நகல் ஏறியது. கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றினார். சங்கத்தை விட்டுப் போனவர்களின் கணக்குகளை நீக்கினார். நிர்வாகிகள் உள்ளே நுழையும்போது அவர்களுடைய போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் கேட்கும்படி வைத்தார். "பழைய பாஸ்வேர்டு என் பேத்தி பேருண்ணே, அதையுமா மாத்துவீங்க?" என்று சிக்கந்தர் வருத்தப்பட்டார்.

பிறகு கோதண்டம் கொடையாளர்களை அழைக்க உட்கார்ந்தார். முதலில் நத்தம் சாலையில் இருக்கும் வளர்மதி என்ற பெண்.

"பேரு, நம்பர் எல்லாம் சரிதான். எதுக்கு சார் திடீர்னு கேக்குறீங்க?"

கோதண்டம் பிலோமினாவைப் பார்த்தார். அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"எங்க தளத்துக்குள்ள ஒருத்தன் புகுந்துட்டாம்மா. பிப்ரவரியிலருந்து இருந்திருக்கான்."

"அப்ப என் நம்பரு அவன்கிட்ட இருக்கா?"

"இருக்கலாம். சங்கத்துலருந்து பேசுறோம்னு யாராவது பணமோ, போனுக்கு வந்த ஓ.டி.பி. நம்பரோ கேட்டா குடுக்காதீங்க. நாங்க கேக்கமாட்டோம்."

"ரத்தம் வேணும்னா கூப்புடுங்க," என்று வைத்துவிட்டாள்.

எல்லோரும் அப்படி இல்லை. சிலர் ஏசினார்கள். சிலர் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். அவர் எடுத்தார். அடுத்த எண்ணை அழைத்தார்.

தளம் மீண்டும் திறந்த அன்று சிக்கந்தர் படியேறி வந்தார். மொக்கராசுவின் போனில் சங்கத்தின் பக்கம் ஒழுங்காக வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஆனாலும் முகம் சரியில்லை.

"பேரை எடுத்தவங்கள்ல ஒருத்தர் பாம்பே குரூப்பு அண்ணே. கெடைக்கவே கெடைக்காத வகை. நம்மகிட்ட இருந்தது அவர் ஒருத்தர்தான். நாளைக்கு அந்த ரத்தம் கேட்டு ஒருத்தர் வந்து நின்னா நான் யார்கிட்டப் போவேன்?"

"அவர்கிட்ட மறுபடி பேசுறேன் பாய்."

"பேசுங்க. ரம்மி போயிருச்சு, வழியையும் அடச்சாச்சு. அதோட விட்டிருக்கலாம்ல?"

அவர் இறங்கிப் போனார். கோதண்டத்தின் கையில் போன் இருந்தது. இன்னும் அழைக்க வேண்டியவர்கள் இருந்தார்கள்.

"அவர் சொல்றதும் நியாயந்தான மிஸ். நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா இது யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

பிலோமினா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"புகுந்தவனுக்கு மட்டும்."