சாய்ந்து நின்ற மாடிப் படகு

கதையை முழுதும் கேட்டுவிட்டுத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

மலையடிவாரத்து அணை ஒன்றைச் சுற்றிப் பார்க்க ஒரு குடும்பம் வந்திருந்தது. தேன்மொழி, அவள் கணவன் அறவாழி, அவன் தம்பி குமரவேல், இரண்டு பிள்ளைகள். படகுத்துறையில் இரண்டு மிதவைப் படகுகள் நின்றன. உள்ளே காற்று மட்டும் இருக்கும் பெரிய உருளைகளின் மேல் மேடை அமைத்துக் கட்டியவை. ஒன்றுக்கு மாடி இருந்தது. மற்றொன்று தாழ்வானது, துணிக்கூரை மட்டும் போட்டது.

பிள்ளைகள் மாடிப் படகுதான் வேண்டுமென்று நச்சரித்தார்கள். குமரவேலுக்கும் அதில்தான் ஆசை.

தேன்மொழிக்குத் தண்ணீர் என்றாலே பயம். அந்தப் பயத்தில்தான் படகை உற்றுப் பார்த்தாள். மாடிப் படகில் இன்னும் ஒருவரும் ஏறவில்லை. ஆனாலும் அதன் இடது உருளை வலதைவிட ஒரு சாண் ஆழமாக அமிழ்ந்திருந்தது. உள்ளே தண்ணீர் புகுந்திருக்குமோ?

"என்ன அண்ணி, பயமா? உங்களுக்குக் குளிக்கிற வாளியைப் பார்த்தாலே நடுங்குமே," என்றான் குமரவேல். அறவாழியும் சிரித்தான்.

உருளையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தவள் பேச்சை மாற்றினாள். "மாடி ஏறினா எனக்குத் தலை சுத்தும். சின்னதுலயே போகலாங்க," என்றாள்.

அப்படியே தாழ்வான படகில் ஏறினார்கள். மாடிப் படகில் வேறொரு கூட்டம் ஏறியது. கைக்குழந்தையோடு ஒரு பெண் படியில் கால் வைத்ததைக் கண்டதும் தேன்மொழி எழுந்தாள். படகோட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்துவிட்டாள்.

கரை தூரமாகிக்கொண்டே போனது. பின்னால் வந்த மாடிப் படகைவிட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. நடுநீரில் அது மெல்லச் சாய்ந்தது. மேலே இருந்தவர்கள் கால் வழுக்கிச் சாய்ந்த பக்கமே சரிந்தார்கள். அவ்வளவுதான், படகு கவிழ்ந்தது. உயிர்காப்பு உடை போட்டிருந்தும், பயத்தில் ஒருவரையொருவர் பிடித்து அமுக்கினார்கள். குழந்தையைத் தூக்கிப் பிடித்த ஒரு கை தெரிவதும் மறைவதுமாக இருந்தது.

"திருப்புங்க, போய்த் தூக்கிடலாம்," என்றான் குமரவேல்.

"இதுல இன்னும் ரெண்டு பேருக்குத்தான் இடம். அத்தனை பேரும் தொத்தினா நாமளும் கவுந்துருவோம். முதல்ல பிள்ளைங்க கரைக்குப் போகட்டும்," என்றான் அறவாழி.

குமரவேல் படகில் கிடந்த மிதவை வளையங்களை அள்ளிக்கொண்டு குதித்தான். அறவாழி மனைவி மக்களைக் கரையில் இறக்கிவிட்டு, படகோட்டியோடு காலிப் படகில் திரும்பினான். வளையங்களைப் பற்றிக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராக ஏற்றினார்கள். குழந்தை உட்பட எல்லாரும் பிழைத்தார்கள்.

கரையேறிய குமரவேலுக்குக் குளிரில் பல் கிடுகிடுத்தது. "நல்லவேளை, அண்ணிக்குத் தலை சுத்தும்னாங்க," என்றான்.

தேன்மொழி அப்போதுதான் உருளையைப் பற்றிச் சொன்னாள்.

"தெரிஞ்சுமா அவங்களை ஏற விட்டே?" என்றான் அறவாழி.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

இந்த மூவரில் யார் செய்தது சரி? யார் செய்தது பிழை?

விடை: அண்ணன், பிள்ளைகளை ஆபத்துக்குள் இழுக்கவில்லை, தம்பி தன் உயிரை மட்டுமே பணயம் வைத்தான். தண்ணீரில் இருவர் செய்ததும் சரி. தேன்மொழியின் பயமும் சரி, மௌனம்தான் பிழை. அந்தப் பிழையில் துறையில் நின்று சிரித்த இருவருக்கும் பங்குண்டு. ஆனால் அவள் அதைப் பங்கு போடவில்லை. ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்த அந்தத் தாயிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அந்தத் தாய் குழந்தையை இறுக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.