மூன்றரைச் சாண் கொட்டகை

ஆவணி மாதம் ஏழாம் நாள் காலையில், ஒரு காட்டில், பன்னிரண்டு சாண் அகலமுள்ள ஒரு மனையில், செங்கோடன் என்ற முள்ளம்பன்றி வீடு கட்டுவதற்காக அளவுக் கயிறு பிடித்தது.

மனையின் பின்பக்கமும் இடப்பக்கமும் பாறை. வலப்பக்கம் காத்தமுத்து என்ற காட்டுப்பன்றியின் வேலி. ஆகவே பன்னிரண்டு சாணுக்கு மேல் ஒரு விரற்கடைகூட நகர வழியில்லை. அதற்குள் ஓர் உள்ளறை வேண்டும், விருந்தினர் உட்கார ஒரு முன்கூடம் வேண்டும், வண்டிக்கு ஒரு கொட்டகையும் வேண்டும்.

வண்டி இல்லாமல் அந்தக் காட்டில் குடும்பம் நடத்த முடியாது. ஐப்பசி தோறும் ஆறு பெருகும். பெருகினால் எல்லோரும் மேட்டுக்குப் போயாக வேண்டும். குட்டிகளால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அவற்றை வண்டியில் வைத்துத்தான் இழுத்துப் போக வேண்டும்.

போன ஐப்பசியில் செங்கோடனின் வண்டி மரத்தடியில் மழையில் நனைந்து கிடந்தது. சக்கரம் உளுத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. வெள்ளம் வந்த அன்று பாதி வழியில் அது உடைந்தது. குளிரில் அந்த ஆண்டுக் குட்டி இறந்தது. அதைப் பற்றிச் செங்கோடனும் அதன் மனைவி பூவாயியும் பேசிக்கொள்வதில்லை. இந்த ஆண்டு இரண்டு குட்டிகள் பிறந்ததும், கொட்டகையோடு வீடு கட்டிவிடுவது என்று முடிவு செய்தன.

கட்டுவதற்கு மாசிலாமணி என்ற பெருச்சாளி வந்திருந்தது. அந்த வட்டாரத்தில் அதைவிட நல்ல கொத்தனார் கிடையாது. அளவு எடுக்காமல் அது மண்ணைத் தொடாது.

"வண்டி மூன்று சாண்," என்றது மாசிலாமணி. "நீங்கள் இரண்டு சாண். உள்ளறைக்கு நாலு சாண் போனால் மீதி எட்டு. கொட்டகைக்கு எவ்வளவு, கூடத்துக்கு எவ்வளவு? அதைச் சொல்லுங்கள், ஐயா. நான் கோடு கிழிக்க வேண்டும்."

"கொட்டகைக்கு ஐந்து," என்றது பூவாயி.

"மூன்றரை," என்றது செங்கோடன்.

மாசிலாமணி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. "புருஷனும் பெண்சாதியும் பேசி முடியுங்கள். நான் அதற்குள் ஒரு வெற்றிலை போட்டுக்கொள்கிறேன்."

"ஐந்து சாண் விட்டால் கூடம் மூன்று சாணாகிவிடும், பூவாயி," என்றது செங்கோடன். "உன் அண்ணன் வந்து உட்கார்ந்தால் நான் வாசலில் நிற்க வேண்டியதுதான். வண்டிக்கு மூன்று சாண் போதும். பக்கத்துக்குக் கால் சாண் விட்டால் அதுவே தாராளம். வண்டி என்ன, படுத்துப் புரளவா போகிறது?"

வேலிக்கு மேலே காத்தமுத்துவின் முகம் தெரிந்தது. அடுத்தவர் வீட்டுப் பேச்சில் மூக்கை நுழைக்காமல் காத்தமுத்துவால் இருக்க முடியாது.

"மூன்றரையாவது, ஐந்தாவது! என் கொட்டகை ஒன்பது சாண், பங்காளி. கட்டுவது ஒரு முறை. பெரிதாகக் கட்டு."

"உன் கொட்டகையில் வண்டி எங்கே, காத்தமுத்து?" என்று கேட்டது செங்கோடன்.

"வண்டி இன்னும் வாங்கவில்லை."

"பிறகு உள்ளே என்ன?"

"மச்சான் குடும்பம். இடம் இருக்கிறதே என்று பத்து நாள் தங்க வந்தார்கள். இரண்டு வருஷமாகிறது."

மாசிலாமணி வெற்றிலைச் சாறு சிதறச் சிரித்தது. செங்கோடனும் சிரித்தது. "கேட்டாயா, பூவாயி? பெரிய கொட்டகை கட்டினால் வண்டி வராது, மச்சான்தான் வருவான்."

பூவாயி சிரிக்கவில்லை. "என்னங்க, வண்டியின் அகலம் சரி. உங்கள் அகலத்தை யார் அளந்தது?"

"இப்போதுதானே அளந்தார். இரண்டு சாண்."

"முள்ளை மடக்கி நின்றீர்கள். விரித்து நின்றால்?"

குழந்தைகளே, முள்ளம்பன்றிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. பிறர் முன்னால் அவை முள்ளை விரிப்பதில்லை. விரித்தால் ஒன்று சண்டைக்கு அழைப்பு, அல்லது பயந்துவிட்டோம் என்ற ஒப்புதல். இரண்டும் மரியாதையில்லை. நல்ல குடும்பத்தில் பிறந்த முள்ளம்பன்றி விருந்தினர் முன் முள்ளை முதுகோடு ஒட்டப் படியவைத்து, எண்ணெய் தேய்த்து வாரியதுபோல் உட்கார்ந்திருக்கும். செங்கோடன் அந்த வழக்கத்தில் ஒரு மயிரிழையும் பிசகாது.

"ஐயா, அம்மா சொல்வதும் நியாயம்தான்," என்றது மாசிலாமணி. "எனக்கு வண்டி தெரியும், சுவர் தெரியும். உங்கள் முள் சமாசாரம் தெரியாது. ஒரு தடவை விரியுங்கள், கயிறு வைத்துப் பார்த்துவிடுகிறேன்."

செங்கோடனின் முகம் இறுகியது. "வேலிக்கு மேல் ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறான். எதிரே நீ நிற்கிறாய். நான் முள்ளை விரிக்க வேண்டுமா?"

"அளவுக்குத்தானே, ஐயா."

"நான் முள் விரித்து ஆறு வருஷம் ஆகிறது. போன வெள்ளத்தில்கூட விரிக்கவில்லை. இனியும் விரிக்கப் போவதில்லை. இல்லாத அகலத்துக்கு எதற்குச் சுவர்? மூன்றரைக்குக் கோடு கிழி."

"போன வெள்ளத்தில் சுற்றிலும் சுவர் இல்லை. நீங்கள் விரித்தீர்களா இல்லையா என்று யார் கண்டது?" என்றது பூவாயி.

செங்கோடன் அளவுக் கயிற்றை எடுத்து மாசிலாமணியிடம் நீட்டியது. மாசிலாமணி மூன்றரைக்குக் கோடு கிழித்தது.

புரட்டாசி இருபதாம் நாள் வேலை முடிந்தது. மூங்கில் தட்டி அடித்து, களிமண் குழைத்துப் பூசிய சுவர்கள். கை வைத்து உலுக்கினாலும் அசையவில்லை. புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் நாலரைச் சாண் கூடத்தில் உட்கார்ந்து கிழங்கு தின்றுவிட்டு, "கூடம் என்றால் இது கூடம்," என்று சொல்லிப் போனார்கள்.

செங்கோடன் கொட்டகையையும் சோதித்துப் பார்த்தது. வண்டி மூக்கு வெளியே பார்க்க உள்ளே நின்றது. செங்கோடன் வாசலிலிருந்து பின்னோக்கி நடந்து போய், நுகத்தில் கழுத்தைக் கொடுத்து, இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. பத்து எண்ணுவதற்குள் வேலை முடிந்தது. அடுத்தடுத்த நாட்களில் இன்னும் நாலு முறை செய்து பார்த்தது. ஒரு முறைகூடச் சுவரில் உரசவில்லை.

"பார்த்தாயா?" என்றது செங்கோடன்.

"நல்ல மழை கொட்டும்போது ஒரு தடவை பார்க்கலாமே," என்றது பூவாயி.

"மழை பெய்தால் வண்டி ஊதிப் பெருத்துவிடுமா?"

ஐப்பசி பிறந்ததும் குட்டிகளை வண்டியிலேயே படுக்கவைத்தன. ஆறு எந்த நேரத்தில் ஏறினாலும் அவற்றைத் தேடி எடுக்க வேண்டியதில்லை அல்லவா? அந்த யோசனை பூவாயியுடையது. நல்ல யோசனைதான்.

ஐப்பசி பதினோராம் நாள் பிற்பகலில் ஆறு ஏறியது. முதலில் சத்தம் கேட்டது. பிறகு காத்தமுத்துவின் மச்சான் குடும்பம் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. தண்ணீர் வாசலைத் தொட்டபோது செங்கோடன் பதறாமல் எழுந்து, கொட்டகைக்குள் பின்னோக்கி நடந்து, நுகத்தில் கழுத்தைக் கொடுத்தது. வழக்கம்போல் எதுவும் உரசவில்லை.

அப்போது கரையோர மருதமரம் வேரோடு சாய்ந்தது. காடே அதிர்ந்தது. முதுகுக்குப் பின்னால் வண்டியில் ஒரு குட்டி, "அப்பா!" என்று வீறிட்டது.

செங்கோடனின் முட்கள் எல்லாம் ஒரே நொடியில் எழுந்து நின்றன. இடப்பக்கம் எழுந்தவை இடச்சுவரில் பாய்ந்தன. வலப்பக்கம் எழுந்தவை வலச்சுவரில் பாய்ந்தன. செங்கோடன் ஓர் அடி இழுத்தது. அசையவில்லை.

"என்னங்க, வாருங்கள்!" வெளியே முழங்கால் தண்ணீரில் நின்ற பூவாயி கத்தியது.

"மாட்டிக்கொண்டேன்."

"முள்ளை மடக்குங்கள்!"

"மடக்குகிறேன். மடங்கவில்லை."

"பயப்படாதீர்கள். நான் இங்கேதான் இருக்கிறேன்."

"எனக்குப் பயமில்லை, பூவாயி," என்றது செங்கோடன். அதன் முட்கள் இன்னும் ஒரு விரற்கடை ஆழம் தட்டிக்குள் இறங்கின.

பூவாயி சுவரைப் பற்களால் கடித்தது, நகங்களால் பிறாண்டியது. மாசிலாமணி கட்டிய சுவர் அது. கையளவு மண் உதிர்ந்தது. உள்ளே மூங்கில் இருந்தது. குட்டிகள் தாமாக இறங்கி ஓடலாம் என்றால், பின்னால் பாறை, பக்கத்தில் கால் சாண் இடைவெளி, முன்னால் குத்திட்டு நிற்கும் அப்பனின் முட்கள். தண்ணீர் வண்டியின் அச்சைத் தொட்டது. பிறகு வண்டியின் பலகையைத் தொட்டது.

"ஏதாவது செய்யுங்கள்!" என்றது பூவாயி.

"நீ வாசலை விட்டு விலகி நில்," என்றது செங்கோடன்.

அது தலையைத் தாழ்த்தி, நாலு கால்களையும் சேற்றில் ஊன்றி இழுத்தது. முட்கள் மடங்கவில்லை. ஆனால் வேரோடு பிடுங்கிக்கொண்டன. முதலில் தோளில் இருந்தவை, பிறகு விலாவில் இருந்தவை. ஒவ்வோர் அடிக்கும் ஒரு கொத்து. வண்டி கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது செங்கோடனின் இரு பக்கமும் வெறும் தோலாக இருந்தது. அதில் இரத்தம் புள்ளி புள்ளியாகக் கசிந்தது. பூவாயி வண்டியைப் பின்னாலிருந்து தள்ளியது. இருட்டுவதற்குமுன் மேட்டை அடைந்தார்கள். குட்டிகள் இரண்டும் உயிரோடு இருந்தன.

தண்ணீர் சற்று இறங்கிய அன்று மாசிலாமணி நீந்திப் போய்க் கொட்டகையைப் பார்த்துவிட்டு வந்தது. "இரண்டு சுவரிலுமாக நூற்று நாற்பத்தேழு முள், ஐயா. விரித்த அகலம் நாலரைச் சாணுக்குக் குறையாது. அன்றைக்கே நான் இன்னும் ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும்."

"கேட்டாலும் நான் விரித்திருக்க மாட்டேன்," என்றது செங்கோடன்.

காத்தமுத்து ஒரு கிழங்கைக் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தது. ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தது. செங்கோடனின் விலாவைப் பார்த்ததும் சொல்லாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"முள் மறுபடி வளர எத்தனை நாளாகும்?" என்று மாசிலாமணி தாழ்ந்த குரலில் கேட்டது.

"இரண்டு மாதம்," என்றது பூவாயி. "அதுவரை இவரை நான் வெளியே விடப் போவதில்லை."

ஆனால் மேட்டில் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. காத்தமுத்து கொடுத்த கிழங்கு இரண்டு நாளைக்குத்தான் வந்தது. குட்டிகள் இன்னும் பால்குடி மறக்கவில்லை; பூவாயி அவற்றை விட்டு நகர முடியாது. அந்த மேட்டின் தெற்குச் சரிவில் கிழங்கு உண்டு, சிறுத்தையும் உண்டு. முள் உள்ளவர்களைச் சிறுத்தை தொடுவதில்லை. முள் இல்லாதவர்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்.

"போய்த்தான் ஆக வேண்டுமா?" என்று பூவாயி கேட்டது.

"நீ தின்றால்தான் அவை பால் குடிக்கும்," என்றது செங்கோடன். "பகலிலேயே போய்ப் பகலிலேயே வந்துவிடுகிறேன்."

அப்படியே பதினேழு நாள் போய் வந்தது.

கார்த்திகை நாலாம் நாள் மாலை, மேட்டின் தெற்குச் சரிவில், செங்கோடனைச் சிறுத்தை பிடித்தது.

நீதி: அமைதியாக இருக்கும்போது எடுத்த அளவு ஆபத்து வரும்போது பற்றாது.