தெளிப்பானோடு ஓடியவர்

மடத்துக் கத்தரித் தோட்டத்தில் புழு விழுந்து இது மூன்றாவது போகம். இதுவும் கைவிட்டுப் போனால் நிலத்தைச் செங்கல் சூளைக்குக் குத்தகை விடுவதாக நிர்வாகம் முடிவு செய்திருந்தது. தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட சீடர் மாசிலாமணி விடுவதாக இல்லை. சரியான பிடிவாதக்காரர். ஒரு மருந்துக்குப் புழு அடங்காவிட்டால் அதைவிடக் காட்டமான மருந்து என்று மாற்றிக்கொண்டே வந்தார்.

அன்று காலை முதுகில் தெளிப்பானோடு குரு திலகவதியம்மாள் முன் வந்து நின்றார். அம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

“எந்த மருந்துக்கும் சாகமாட்டேங்குதும்மா. இதைவிடப் பலசாலிப் புழு உண்டா?”

“சொக்கலிங்கத்தோட போட்டி போட்டுக் கிணத்தடி வரைக்கும் ஓடுங்க. தெளிப்பான் முதுகுலயே இருக்கட்டும்.”

சொக்கலிங்கம் மடத்துச் சமையல்காரர். தொந்தியைத் தூக்கிக்கொண்டு நடப்பதே அவருக்குப் பெரும்பாடு. மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஓடினார். தெளிப்பானின் நிறைந்த தொட்டி தளும்பித் தளும்பி ஆளைப் பின்னால் இழுத்தது. சொக்கலிங்கம் கிணற்றுச் சுவரைத் தொட்டுவிட்டு அவிழ்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டபோது இவர் பாதி வழியில்தான் இருந்தார். அவமானம் பிடுங்கித் தின்றது.

“இதைக் கழட்டிட்டு ஓடினா இவரு என் பக்கத்துல வர முடியுமாம்மா?”

“முடியாது. ஆனா மருந்தைத் தாங்குற புழுவால கழட்ட முடியாதே. அந்தத் தாங்குற சக்திதான் அதுக்குச் சுமை. மெதுவா வளரும், முட்டையும் கம்மியா வைக்கும். மருந்து இல்லாத இடத்துல சாதாரணப் புழு அதை முந்திடும்.”

“அப்ப என் தோட்டத்துல மட்டும் அதுவே எப்படி ஜெயிக்குது?”

“கிழக்குப் பாத்தியில மருந்து படக்கூடாதுன்னு சொல்லியிருந்தேனே?”

மாசிலாமணி தலை குனிந்தார். புழு பிடித்த செடி வருகிறவர் போகிறவர் கண்ணில் பட்டால் மானக்கேடு என்று, அம்மாள் வெளியூர் போன சமயத்தில் அங்கேயும் அடித்திருந்தார்.

“அடிச்சுட்டேன்மா. அங்க இருந்த சாதாரணப் புழு ஒண்ணு விடாம செத்துச்சு. சந்தோஷப்பட்டேன்.”

அம்மாள் கிணற்றடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சமையல்காரரைக் காட்டினார்.

“ஓடுறதுக்கு முன்னாடியே சொக்கலிங்கத்தைக் கொன்னு போட்டிருந்தா, இன்னைக்கு யாரு ஜெயிச்சிருப்பா?”

 மாசிலாமணி தெளிப்பானைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, கிழக்குப் பாத்தியில் சாதாரணப் புழுவுக்கென்றே புதுக் கன்று நட மண்வெட்டியை எடுத்தார்.