ஏரியே வந்து சொன்ன நிலை

முன்னொரு காலத்தில் குறுவாய் நாட்டை உக்கிரசேனன் என்றொரு ராசா ஆண்டான். ஆண்டான் என்றா சொன்னேன்? ஆட்டிப் படைத்தான். கெட்ட சேதி அவன் காதுக்கு ஆகாது. "பெரிய ஏரி வற்றிப்போச்சு சாமி" என்று சொன்ன மடைக்காரன் இருட்டுச் சிறையில் கிடந்தான். ஊர் ஊராகச் சனங்கள் மூட்டை கட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். ராசாவிடம் யார் சொல்வது?

ஆண்டுதோறும் முடிசூட்டிய நாளில் பெரிய ஏரியின் நீரால் ராசாவுக்கு நீராட்டு நடக்கும். ஏரியிலிருந்து குடத்தை வரவழைப்பதும், ராசாவின் தலையில் ஊற்றுவதும் அமைச்சர் சேந்தனார் பொறுப்பு. அந்தப் பெருமையைக் கண்டு பக்கத்தில் நிற்கும் துணை அமைச்சர் நயினப்பருக்கு வயிறு எரியும்.

அவ்வாண்டு அந்த நாளில், நீராட்டுக்கு முன் ராசா கேட்டான்: "நாட்டின் நிலை என்ன?"

வைத்தியர் சட்டென்று ராசாவின் நாடியைப் பிடித்தார். "உடல்நிலை உத்தமம் பிரபு!" சோதிடர், "கிரக நிலை பிரமாதம்" என்றார். தச்சருக்கு ஒன்றும் தோன்றவில்லை. வாசலைப் பார்த்து, "நிலை நேராக நிற்குதுங்க. கரையான்கூட இல்லை" என்றார். ஆளுக்கொரு நிலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

நயினப்பர் முந்திக்கொண்டார். "பெரிய ஏரி தளும்புகிறது பிரபு! அமைச்சர் முகம்தான் ஏனோ வெளுத்திருக்கிறது."

"சேந்தனாரே, நீர் சொல்லும்."

சொன்னால் சிறை. சொல்லாவிட்டால் நாடே சுடுகாடு. சேந்தனார் சொன்னார்:

"ஏரியைப் பற்றி நயினப்பர் இவ்வளவு அறிந்திருக்கிறார். இவ்வாண்டு நீராட்டும் பேறு அவருக்கே போகட்டும், மகாராசா."

நயினப்பர் பூரித்துப்போனார். பட்டு மூடிய குடத்தைத் தூக்கி வந்து துணியை விலக்கினார். திருடனுக்குத் தேள் கொட்டியது போல விழித்தார்.

"ஊற்றும்" என்றான் ராசா.

"பிரபு..."

"ஊற்று என்றேன்!"

வெடித்த சேற்றுக் கட்டிகள் ராசாவின் தலையில் பொத்தென்று விழுந்தன.

"என்ன இது?"

"மண்ணு பிரபு. ஏரியில சொட்டுத் தண்ணி இல்லை" என்று அழுதேவிட்டார் நயினப்பர்.

ராசா தலையிலிருந்த ஒரு கட்டியை எடுத்துக் கையால் பொடித்துப் பார்த்தான். பிறகு அமைச்சரிடம் திரும்பினான்.

"குடத்தில் இதை நிரப்பியது யார்?"

"மடைக்காரன் பெண்சாதி. ஏரியில் இருப்பதை நிரப்பு என்றுதான் சொல்லி அனுப்பினேன்."

"ஏரி வற்றியதை நீரே சொல்லியிருக்கலாமே?"

"பயம் மகாராசா. நாக்கு எழவில்லை. அதனால் ஏரியையே வரச் சொன்னேன்."

ராசா கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். சேந்தனார் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"மடைக்காரனை விடுதலை செய்யுங்கள். சனங்களுக்குக் களஞ்சியத்தைத் திறந்துவிடுங்கள்" என்றான் ராசா கடைசியில். சேந்தனாருக்குத் தன் முத்துமாலையை அணிவித்தான். குடத்தை நயினப்பர் தலையில் வைத்தான். "போய் ஏரியைத் தூர்வாரும். இது ஏரித் தண்ணீரால் நிரம்பிய பிறகு வாரும்."

அன்று முதல் ராசா நிலை கேட்டால் ஒருவரும் வாசலைப் பார்ப்பதில்லை. ராசாவே எழுந்து, தலையைத் தடவிக்கொண்டே, நாட்டைப் பார்த்துவரப் புறப்பட்டுவிடுவான்.