நீலக்கையும் மண்வீரர்களும்

மாயமும் மந்திரமும் மலிந்திருந்த ஒரு காலத்தில், அவுரிக்கோட்டை என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே பாதிப் பேர் துணிக்குச் சாயம் போடுகிறவர்கள்; அவர்கள் கைகள் முழங்கை வரை நீலம். ஊருக்குக் காவல், மந்திரவாதி கூத்தாண்டி உயிர் கொடுத்த மண்வீரர்கள். தூக்கமில்லை, சோறில்லை, பேச்சில்லை. எதிரியை ஒருமுறை பார்த்தால் அடையாளத்தை மறக்கவே மாட்டார்கள்.

ஒருநாள் கொள்ளையர்கள் கையில் நீலம் பூசிக்கொண்டு, சாயக்காரர்களைப் போல உள்ளே புகுந்தார்கள். மண்வீரர்கள் நொறுக்கித் தள்ளிவிட்டார்கள். சபாஷ்! ஆனால் அந்த மண் மண்டைகள் பலவற்றில் பதிந்தது என்ன தெரியுமா? முகமல்ல, நீலக்கை.

மறுநாள் மண்வீரர்களிடம் சாயக்காரன் சடையனுக்கு அடி விழுந்தது. "எதிரி பெருகிவிட்டான், இன்னும் நூறு வீரர்களைச் செய்!" என்று கூத்தாண்டிக்கு ஆணையிட்டார், அடிபட்டவனை எதிரி என்றே நினைத்த ராஜா. நூறு வந்தது; பழைய வீரர்களைப் பார்த்து அவர்களும் நீலக்கையை அடிக்க, அடி கூடியது. இன்னும் நூறு வந்தது, இன்னும் கூடியது. மூன்றாவது நூறும் வந்தபோது, சடையன் எழுந்து உட்காரவே முடியாமல் கிடந்தான். அவன் மனைவி அங்காயி இனிப் பொறுக்கவில்லை. நேரே மந்திரவாதியிடம் போனாள்.

"ஏனய்யா, என் புருஷன் சாகப்போகிறான். இதுதான் காவலா?"

"நான் என்ன செய்ய, தாயி? முன்பெல்லாம் புது வீரனை ஊர்ச்சனம் முன்னால் நிறுத்துவேன். தடியை ஓங்கினால் தண்ணீரில் கரைத்துவிடுவேன். இந்தப் படைக்கு அதைச் செய்யவிடாமல் ராஜா அவசரப்படுத்திவிட்டார்."

"அப்படியென்றால் எல்லாரையும் கரைத்துவிடும்!"

"கரைத்தால் கொள்ளையன் வருவானே! நல்லவர்களும் அதில் இருக்கிறார்கள். பார்த்தால் தெரியாது."

அங்காயி கொஞ்சம் யோசித்தாள். "எல்லாரையும் குளத்தங்கரைக்குக் கூட்டி வாரும்" என்றாள்.

குளத்து நடுவில், கழுத்தளவுத் தண்ணீரில் போய் நின்று, நீலக்கை இரண்டையும் உயர்த்தினாள்.

"வாங்கடா!"

ஒருவன் தடியை ஓங்கி இறங்கினான், கரைந்தான். பத்துப் பேர் இறங்கினார்கள், கரைந்தார்கள். நூறு பேர் இறங்கினார்கள், கரைந்தார்கள். குளமே சேறாகிவிட்டது. மிச்சம் பேர் கரையிலேயே நின்று, அவள் முகத்தைப் பார்த்துத் தடியைத் தாழ்த்தினார்கள்.

சடையன் எழுந்து நடமாடத் தொடங்கியதும் ராஜா அங்காயியை அழைத்தார். "என்ன வேண்டும், கேள்!"

"புது வீரன் எவனும் காவலுக்குப் போகுமுன் சனம் முன்னால் நிற்கட்டும், மகாராஜா."

"ஆகட்டும். முதல் ஆளாக யார் அவன் எதிரே போய் நிற்பது?"

"நீங்கள்தான்."

ராஜா நின்றார். தடியோடு மண்வீரன் ஒவ்வொரு அடியாக நெருங்கி வர, அவருக்குக் கால் இரண்டும் வெடவெடத்தன. மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற சடையன், அடிபட்ட நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தான்.